பீவர் டாம்ஸ் சண்டையை வென்றது யார்? லோரா சீக்கோர்ட் நடந்ததால் என்ன மாறியது?

நீங்கள் கேட்டது இது. ஏழாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள் 1812ஆம் ஆண்டுப் போரைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். லோரா சீக்கோர்ட் என்ற பெண் 32 கிலோமீட்டர் நடந்து போய் எச்சரித்ததால்தான் பீவர் டாம்ஸ் சண்டையில் 50 பிரித்தானியச் சிப்பாய்கள் 500 அமெரிக்கர்களைச் சிறைபிடிக்க முடிந்தது என்று அவள் படித்திருக்கிறாள். அந்த நடையே கட்டுக்கதை என்று உங்களோடு வேலை செய்யும் ஒருவர் சொல்லியிருக்கிறார். இரண்டில் எது சரி என்கிறீர்கள். உண்மையில் இங்கே கேள்வி ஒன்றல்ல. அவர் நடந்தாரா என்பது ஒன்று. நடந்ததால் சண்டையின் முடிவு மாறியதா என்பது வேறொன்று. அந்தச் சண்டையைப் போட்டது யார் என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். அவர் நடந்தார் என்று தயங்காமல் சொல்லலாம். சண்டை போட்டது யார் என்பதற்கும் தெளிவான பதில் உண்டு, அது அந்த 50 சிப்பாய்கள் அல்ல. மிச்சமிருக்கும் கேள்வியில்தான் சிக்கல்.

நான் ஒன்ராறியோவில் பல ஆண்டுகளாக உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். இந்தப் போரின் நயாகரா பகுதிக் கடிதங்களையும் படை அறிக்கைகளையும் மாணவர்களோடு உட்கார்ந்து வரி வரியாக வாசிப்பது என் வேலையில் ஒரு பகுதி. படைத்துறை அனுபவம் எனக்கு இல்லை. கீழே சொல்வதெல்லாம் எழுத்தில் எஞ்சியிருப்பதை வைத்துச் சொல்வது. சண்டையில் முன்நின்ற கானவாகே மக்களின் வாய்மொழி நினைவுகளைப் பற்றிப் பேச அவர்களில் ஒருவரே தகுதியானவர்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1812 ஜூன் 18 அன்று அமெரிக்கா பிரித்தானியா மீது போர் அறிவித்தது. அடிக்கக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது கனடாதான். இன்றைய தென் ஒன்ராறியோ அப்போது மேல் கனடா. அதன் வாசல் நயாகரா ஆறு. 1812 அக்டோபர் 13 அன்று குயின்ஸ்டன் மேட்டில் நடந்த சண்டையில் அமெரிக்கர்கள் தோற்றார்கள், ஆனால் பிரித்தானியத் தளபதி ஐசக் புரொக் கொல்லப்பட்டார். லோராவின் கணவர் ஜேம்ஸ் சீக்கோர்ட் தோளிலும் முழங்காலிலும் காயப்பட்டது அதே சண்டையில்தான். அடுத்த ஆண்டு மே 27 அன்று அமெரிக்கர்கள் ஆற்றின் வாயிலில் இருக்கும் ஜோர்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். பிரித்தானியப் படை இன்றைய ஹமில்ட்டன் இருக்கும் பேர்லிங்டன் மேடு வரை பின்வாங்கியது. துரத்தி வந்த அமெரிக்கர்களை ஜூன் 6 அதிகாலை இருட்டில் ஸ்டோனி கிறீக்கில் தாக்கி, இரண்டு அமெரிக்க பிரிகேடியர் ஜெனரல்களையே பிடித்துக்கொண்டு போனார்கள். அதோடு அமெரிக்கர்கள் மறுபடி ஜோர்ஜ் கோட்டைக்குள் ஒடுங்கினார்கள். பிரித்தானியர்கள் மெல்ல முன்னேறி, கோட்டையைச் சுற்றித் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்னக் காவல் நிலைகளை அமைத்தார்கள்.

அப்படிப்பட்ட ஒரு காவல் நிலைதான் டிகியூ வீடு. இன்றைய தோரல்ட் நகருக்குப் பக்கத்தில் கல்லால் கட்டிய வீடு அது. அங்கே இருந்தவர் 49ஆம் படைப்பிரிவின் லெப்டினன்ட் ஜேம்ஸ் பிட்ஸ்கிப்பன். அயர்லாந்துக்காரர், சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து அதிகாரியானவர். அந்தக் காலப் பிரித்தானியப் படையில் அது அபூர்வம். அவரிடம் இருந்தது தேர்ந்தெடுத்த 50 பேர் அளவிலான ஒரு குழு. அவர்களுடைய வேலை அமெரிக்க ரோந்துகளை மறித்துத் தொல்லை கொடுப்பது. எதிர்ப்பக்கத்தில் பஃபலோ ஊர் மருத்துவர் சைரீனியஸ் சேப்பின் தன் குதிரைத் தொண்டர்களோடு அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். பிட்ஸ்கிப்பனின் தொல்லை தாங்காமல், அந்தக் கல்வீட்டை ஒரேயடியாக அழித்துவிடலாம் என்று அமெரிக்கத் தரப்பில் முடிவானது. யோசனையைக் கிளப்பியது சேப்பின்தான் என்று படையை நடத்திப் போன லெப்டினன்ட் கேணல் சார்ல்ஸ் போர்ஸ்ட்லர் பின்னர் எழுதினார். தோல்விக்குப் பிறகு இருவரும் மாறி மாறிக் குற்றம் சாட்டிக்கொண்டார்கள். ஆகவே அவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ள நான் தயங்குவேன்.

போர்ஸ்ட்லர் ஜூன் 23 மாலை ஜோர்ஜ் கோட்டையிலிருந்து கிளம்பினார். சுமார் 575 பேர். பெரும்பாலும் அவருடைய 14ஆம் காலாட்படை, கூடவே கொஞ்சம் குதிரைப்படை, சேப்பினின் தொண்டர்கள், இரண்டு பீரங்கிகள், வண்டிகள். இரவு குயின்ஸ்டனில் தங்கினார்கள். 24 காலை சென்ட் டேவிட்ஸ் வழியாக மேட்டின் மேலேறி, காட்டுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையில் மேற்கே போனார்கள். பீச் மரங்கள் அடர்ந்த ஓர் இடத்தில் படை நீளமாக இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தபோது பின்பக்கத்திலிருந்து தாக்குதல் வந்தது. இதுதான் பீவர் டாம்ஸ் சண்டை.

தாக்கியது கானவாகே வீரர்கள். கானவாகே இன்றும் மொன்ரியலுக்கு எதிரே சென்ட் லோறன்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் மோஹாக் ஊர். அங்கிருந்தும் கானசதாகே, அக்வசாஸ்னே ஆகிய ஊர்களிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். வீட்டை விட்டு 600 கிலோமீட்டருக்கு மேல் வந்து வேறொருவர் எல்லையில் நின்றார்கள். அவர்களோடு வந்தவர் கப்டன் டொமினிக் டுஷார்ம், பிரெஞ்சு பேசும் கனடியர், பூர்வகுடி விவகாரத் துறையின் அதிகாரி. பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை சுமார் 300. அதைவிடக் குறைவு என்று சொல்லும் கணக்குகளும் உண்டு. கப்டன் வில்லியம் ஜோன்சன் கேர் தலைமையில் கிராண்ட் ஆற்றுப் பக்கத்து மோஹாக்குகள் சுமார் 100 பேரும் இருந்தார்கள். அமெரிக்கர்கள் வருவதை டுஷார்மின் வேவுக்காரர்கள் அன்று காலையிலேயே பார்த்துவிட்டார்கள். அதனால் இடத்தைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு நேரம் கிடைத்தது.

இந்த வகைச் சண்டையில் எண்ணிக்கை ஏன் பெரிய உதவியாக இருக்கவில்லை என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலக் காலாட்படை தோளோடு தோள் நின்று, திறந்த வெளியில், கட்டளைக்கு ஒன்றாகச் சுடப் பழகியது. அவர்களுடைய துப்பாக்கியால் 100 மீட்டருக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிபார்த்து அடிப்பது அதிர்ஷ்டம். 50 பேர் ஒரே திசையில் சுட்டால்தான் அது ஆயுதம். மரத்துக்கு ஒருவராக நிற்கும் எதிரியிடம் அந்த முறை எடுபடாது. சுடுகிறவன் தெரியமாட்டான், புகை மட்டும் தெரியும். அதை நோக்கித் திருப்பிச் சுடுவதற்குள் அவன் அடுத்த மரத்துக்குப் போயிருப்பான். பீரங்கிக்கும் இலக்கு வேண்டும். காட்டில் அது மரக்கிளைகளைத்தான் முறிக்கும். குதிரைப்படை ஒருமுறை பாய்ந்து பார்த்தது, பலனில்லை. போர்ஸ்ட்லர் தன் ஆட்களை வயல்வெளிக்குக் கொண்டுவந்து அணிவகுக்க முயன்றார். வீரர்கள் காட்டு விளிம்பில் நின்றபடி சுற்றி வளைத்தார்கள். ஏறத்தாழ மூன்று மணி நேரம் இப்படியே போனது. ஜூன் வெயில், காலையிலிருந்து நடந்த களைப்பு, குறைந்துகொண்டே போகும் தோட்டா. போர்ஸ்ட்லருக்கே தொடையில் குண்டு பாய்ந்திருந்தது. திரும்பிப் போகவும் வழியில்லை, முன்னே போனால் எத்தனை பேர் காத்திருக்கிறார்களோ தெரியாது.

பிட்ஸ்கிப்பன் உள்ளே வருவது இந்தக் கட்டத்தில்தான். அவர் அன்றே எழுதிய அறிக்கை நம்மிடம் இருக்கிறது. காலை 7 மணியளவில் சென்ட் டேவிட்ஸ் பக்கமிருந்து சுமார் 1000 எதிரிகள் இரண்டு பீரங்கிகளோடு வருவதாக டிகியூ வீட்டில் செய்தி கிடைத்தது, கொஞ்ச நேரத்தில் வேட்டுச்சத்தம் கேட்டது, தானே குதிரையில் முன்னே போய்ப் பார்த்தேன் என்கிறார். பிறகு தன் ஆட்களை வரவழைத்து அமெரிக்கர்கள் பின்வாங்கக்கூடிய பாதையில் நிறுத்தினார். அப்புறம் வெள்ளைக்கொடியோடு போய்ச் சரணடையச் சொன்னார். பெரிய படை சூழ்ந்திருக்கிறது, பூர்வகுடி வீரர்களை இனிமேலும் என்னால் கட்டுப்படுத்த முடியாது என்றார். இரண்டும் வெறும் மிரட்டல். பெரிய படை என்று எதுவும் அப்போது அங்கே இல்லை. வீரர்கள் அவர் கட்டளையில் இருக்கவும் இல்லை.

போர்ஸ்ட்லர், யாரிடம் சரணடைகிறேன் என்று உங்கள் படையைப் பார்க்க வேண்டும் என்றார். நியாயமான கோரிக்கைதான். மேலதிகாரியைக் கேட்டு வருகிறேன் என்று போன பிட்ஸ்கிப்பன், அப்போது ஒரு சிறு குதிரைக் குழுவோடு வந்து சேர்ந்த கப்டன் ஹோலை மேலதிகாரியாக நடிக்க வைத்தார் என்பது அவர் தரப்பில் சொல்லப்பட்ட கதை. அப்படியொரு பார்வையிடல் எங்களுக்கு அவமானம் என்று மறுத்தாராம் அந்த ‘மேலதிகாரி’. உண்மையான மேலதிகாரியான மேஜர் டி ஹாரன் சுமார் 200 பேரோடு வந்து சேர்ந்தபோது பேச்சு கிட்டத்தட்ட முடிந்திருந்தது. சரணடைவுப் பத்திரம் அவர் பெயரில்தான் எழுதப்பட்டது. நாடகத்தின் நுணுக்கங்கள் பிட்ஸ்கிப்பனின் நினைவிலிருந்து வருபவை. அவற்றைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே வாசிக்கிறேன். ஏமாற்றிச் சரணடைய வைத்தார் என்ற அடிப்படையில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்த மிரட்டல் ஏன் பலித்தது என்றால், அதே ஆண்டு ஜனவரியில் மிச்சிகன் பக்கம் ரெய்சின் ஆற்றங்கரையில் தோற்றுப்போன அமெரிக்கர்களில் காயப்பட்ட கைதிகள் சிலர், பிரித்தானியர் பக்கம் நின்ற பூர்வகுடி வீரர்களால் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்தச் செய்தி அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரிதாகப் பரவியது, ஆள் சேர்க்கும் முழக்கமாகவும் ஆனது. ஆக, பிட்ஸ்கிப்பன் வாயைத் திறக்கும் முன்பே பயம் அங்கே இருந்தது. காயப்பட்ட 50 பேர் வெயிலில் கிடக்கும்போது அவர்களை வைத்துக்கொண்டு சூதாட போர்ஸ்ட்லருக்கு மனம் வரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். 1815இல் விசாரணை மன்றம் அவர்மீது குற்றமில்லை என்றது. அந்தத் தீர்ப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. படையை அந்தக் காட்டுக்குள் தனியாக அனுப்பியதுதான் தவறு.

அமெரிக்கர் இறப்பு ஏறத்தாழ 25, காயம் 50, கைதிகள் 460க்கு மேல். பூர்வகுடி வீரர்களின் இறப்பு 5இலிருந்து 15 வரை, யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்து மாறுகிறது. கைதிகளை எண்ணிப் பட்டியல் எழுத இராணுவத்துக்கு ஆளிருந்தது. இறந்த வீரர்களைப் பெயர் சொல்லி எழுதி வைக்க யாரும் அக்கறைப்படவில்லை. இந்தப் போரின் தாள்களைப் படிக்கும்போது எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

சண்டை போட்டது யார் என்பதற்குப் பிட்ஸ்கிப்பனே சாட்சி. 1818இல் கப்டன் கேருக்கு எழுதிய கடிதத்தில், நம் தரப்பில் இந்தியர்களைத் தவிர வேறு யாரும் ஒரு வேட்டுக்கூடச் சுடவில்லை என்று ஒளிவு மறைவில்லாமல் எழுதினார். அமெரிக்கப் படையை அவர்களே அடித்துக் கிலிகொள்ள வைத்தார்கள், தக்க தருணம் பார்த்து அவர்களிடமிருந்து பாதுகாப்புத் தருகிறேன் என்று சொன்னது மட்டுமே என் பங்கு என்றும் அதிலேயே இருக்கிறது. ‘இந்தியர்’ என்பது அந்தக் காலச் சொல், இன்று அப்படி எழுதுவதில்லை. தன் பெருமையைக் குறைத்துக்கொள்ளும் ஒரு சாட்சியத்தை நான் எப்போதும் அதிகம் நம்புவேன். கிராண்ட் ஆற்றுப் போர்த்தலைவர் ஜோன் நோர்ட்டன் சொன்னதாக வழங்கும் வாசகம் இன்னும் கூர்மையானது: சண்டை போட்டது கானவாகேக்காரர்கள், கொள்ளைப்பொருள் கிடைத்தது மோஹாக்குகளுக்கு, பெயர் கிடைத்தது பிட்ஸ்கிப்பனுக்கு. கானவாகேக்காரர்களும் மோஹாக்குகள்தான். அவர் இங்கே மோஹாக் என்றது கிராண்ட் ஆற்றுப் பக்கம் இருந்தவர்களை.

சரி, இனி லோரா. அவர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் 1775இல் பிறந்தவர். 1795இல் குடும்பத்தோடு மேல் கனடாவுக்கு வந்தார். 1813 ஜூனில் அவருக்கு 37 வயது. கணவர் இன்னும் காயம் ஆறாமல் இருக்கிறார். குயின்ஸ்டன், அமெரிக்கச் சிப்பாய்கள் வந்து போய்க்கொண்டிருந்த ஊர். ஜூன் 22 விடியும் முன் கிளம்பி, முதன்மைப் பாதையைத் தவிர்த்துச் சுற்றி நடந்து, இருட்டிய பிறகு பூர்வகுடி வீரர்களின் முகாமுக்குள் போய், அவர்கள் மூலம் பிட்ஸ்கிப்பனிடம் போய்ச் சேர்ந்தார் என்பது கதை.

இதைக் கட்டுக்கதை என்று சொல்கிறவர்கள் வீம்புக்குச் சொல்லவில்லை. 1930களில் கனடிய வரலாற்றாசிரியர் டபிள்யூ. ஸ்டூவர்ட் வாலஸ் ஆதாரங்களை ஒழுங்காக அலசி, லோரா கொண்டுபோன செய்தியால் சண்டையில் எந்த விளைவும் இல்லை என்று எழுதினார். அவருடைய வாதம் பலமானது. சண்டை நாளன்று பிட்ஸ்கிப்பன் எழுதிய அறிக்கையில் லோராவின் பெயர் இல்லை. காலை 7 மணிக்குத்தான் செய்தி வந்தது என்கிறார். இரண்டு நாள் முன்பே எச்சரிக்கப்பட்ட ஒருவர் இப்படியா எழுதுவார்? டுஷார்மும் தன் வேவுக்காரர்களைச் சொல்கிறாரே தவிர லோராவைச் சொல்லவில்லை. இன்னொன்று, போர்ஸ்ட்லருக்கே உத்தரவு வந்தது 23ஆம் தேதி. லோரா 21ஆம் தேதி இரவே அதை எப்படிக் கேட்டிருக்க முடியும்? லோரா நடந்ததற்கு ஆதாரமாக அப்போது காட்டப்பட்டதெல்லாம் பல ஆண்டுகள் கழித்துக் குடும்பத்தார் சொன்னதும், 1837இல் பிட்ஸ்கிப்பன் கொடுத்த ஒரு சான்றிதழும்தான். 24 ஆண்டு கழித்து, உதவி கேட்டு நிற்கும் ஒரு குடும்பத்துக்காக எழுதிய தாளை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பதில் தவறில்லை.

1959இல் நிலைமை மாறியது. ஜோன் மொயர் என்ற வரலாற்றாசிரியர் பழைய அரசு ஆவணங்களிலிருந்து 1827ஆம் ஆண்டுச் சான்றிதழ் ஒன்றைக் கண்டெடுத்து வெளியிட்டார். அதுவும் பிட்ஸ்கிப்பன் எழுதியது. பின்னர் 1820ஆம் ஆண்டுச் சான்றிதழும் கிடைத்தது. நான் பெரிதாக மதிப்பது 1827ஐ. சும்மா பாராட்டி எழுதிய தாள் அல்ல அது, விவரம் சொல்கிறது. 22ஆம் தேதி சூரியன் மறைந்த பிறகு சீக்கோர்ட் அம்மையார் சுமார் 12 மைல் சுற்றுவழி நடந்து வந்து, தன் கணவர் முந்தின இரவு ஓர் அமெரிக்க அதிகாரி மூலம் அறிந்ததைச் சொன்னார். மறுநாள் காலை தாக்குதல் வரும் என்பதே செய்தி. அதை நம்பி நோர்ட்டனின் பூர்வகுடி வீரர்களையும் தன் ஆட்களையும் எதிரியை மறிக்கத் தக்க இடத்தில் நிறுத்தி, அந்த இரவு முழுக்கக் காத்திருந்ததாகவும், எதிரி 24 காலை வரை வரவில்லை என்றும் எழுதுகிறார். நோர்ட்டன் எழுதிய நாட்குறிப்பு 1970இல் அச்சானது. அதிலும் அரசுக்கு விசுவாசமான உள்ளூர்க்காரர் ஒருவர் எதிரி வரப்போவதாகச் செய்தி கொண்டுவந்தார் என்று இருக்கிறது. பெயர் இல்லை, ஆனால் பிட்ஸ்கிப்பன் சொல்வதோடு பொருந்துகிறது.

இந்தத் தாளை வைத்துப் பார்த்தால் வாலஸ் கண்ட முரண் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. 23 காலை தாக்குதல் என்றார் லோரா. காத்திருந்தார்கள், யாரும் வரவில்லை. பிட்ஸ்கிப்பன் டிகியூ வீட்டுக்குத் திரும்பினார். ஆகவே 24 காலை 7 மணிக்கு வந்த செய்தி அவருக்குப் புதுச் செய்திதான். மேலதிகாரிக்கு எழுதும் அவசர அறிக்கையில், பலிக்காமல் போன பழைய எச்சரிக்கையையும், எதிரியின் கைக்கெட்டும் தூரத்தில் இன்னும் வாழும் ஒரு பெண்ணின் பெயரையும் அவர் எழுதாததில் வியப்பில்லை. தேதிச் சிக்கலுக்கும் ஒரு விளக்கம் உண்டு. எழுத்தில் உத்தரவு வருவதற்குப் பல நாள் முன்பே அந்த யோசனை பேச்சில் அடிபட்டிருக்கும், அதைப் பேசியவர்கள் குயின்ஸ்டன் பக்கம் வந்து போனவர்கள். இது என் ஊகம். ஆவணம் இதைச் சொல்லவில்லை என்பதை உங்கள் மகளிடமும் சொல்லுங்கள்.

அப்படியென்றால் அவர் நடந்ததால் என்ன விளைந்தது? 24 காலை அமெரிக்கர்களைக் கண்டது டுஷார்மின் வேவுக்காரர்கள். இடத்தைத் தேர்ந்ததும் தாக்கியதும் அவர்களே. லோரா வீட்டிலேயே இருந்திருந்தாலும் இது இப்படியே நடந்திருக்கும் என்றுதான் ஆதாரம் சாய்கிறது. எச்சரிக்கையால் எல்லோரும் இரண்டு நாளாக விழிப்பாக இருந்தார்கள், வேவுக்காரர்கள் கூடுதலாக அனுப்பப்பட்டார்கள் என்று ஒருவர் வாதிடலாம். அது நடந்திருக்கக்கூடியதே, ஆனால் நிரூபிக்க முடியாது. லோராவைக் குறைத்துச் சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. பிடிபட்டிருந்தால் உளவாளி என்று நடத்தப்பட்டிருப்பார். வீட்டில் காயப்பட்ட கணவரும் பிள்ளைகளும். அந்த வெயிலில் நாள் முழுக்க நடந்து, அறிமுகமில்லாத முகாமுக்குள் இரவில் தனியாகப் போய் நின்றார். அன்று கடும் வெப்பம் என்றும், மெலிந்த உடல்கொண்ட அவருக்குக் களைப்பால் உடல்நலம் கெடுமோ என்று தான் அஞ்சியதாகவும் பிட்ஸ்கிப்பன் 1837இல் நினைவுகூர்ந்திருக்கிறார். செய்தி பயன்பட்டதா இல்லையா என்பது அவர் கையில் இல்லை. அந்தத் துணிவுக்கு அவர் முழுத் தகுதி உடையவர்.

சில சில்லறை விஷயங்களையும் தெளிவாக்கிவிடுகிறேன், ஏழாம் வகுப்புக் கட்டுரைகளில் இவைதான் அதிகம் வரும். அமெரிக்கக் காவலாளியை ஏமாற்ற அவர் ஒரு பசுவை ஓட்டிக்கொண்டு போனார், பால் கறந்தார் என்பது 1864இல் வில்லியம் கொஃபின் எழுதிய புத்தகத்தில் வருகிறது. அதற்கு முந்தைய எந்தச் சான்றிலும் பசு இல்லை, அதை விட்டுவிடச் சொல்லுங்கள். 32 கிலோமீட்டர் என்பது குடும்பம் சொல்லிவந்த ஏறத்தாழ 20 மைல். பிட்ஸ்கிப்பன் சொன்ன 12 மைல் என்பது சுமார் 19 கிலோமீட்டர். எந்த வழியில் போனார் என்பது உறுதியாகத் தெரியாதபோது இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்க முடியாது. ‘19 முதல் 32 கிலோமீட்டர்’ என்று எழுதினால் போதும். செய்தி யார் காதில் விழுந்தது என்பதும் மாறி மாறி வருகிறது. 1827 சான்றிதழில் கணவர் அறிந்தார் என்று இருக்கிறது. பிந்தைய கதைகளில் வீட்டில் சாப்பிட வந்த அதிகாரிகள் பேசியதை லோராவே கேட்டார் என்று ஆகிறது. முந்தையதை நம்புவதே முறை. சொக்லேட் நிறுவனத்துக்கும் அவருக்கும் தொடர்பு உண்டா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. அது 1913இல் ரொறன்ரோவில் தொடங்கிய வியாபாரம். பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அவர் புகழ்பெற்றது எப்போது என்பதையும் மகள் கவனிக்கலாம். வாழ்நாளின் பெரும்பகுதி யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. அந்தச் சான்றிதழ்கள் இருப்பதற்குக் காரணமே வறுமைதான். 1820இல் ஜேம்ஸ் ஒரு கற்குவாரி உரிமம் கேட்டு மனுப்போட்டார், அதற்கு ஆதரவாக எழுதப்பட்டதுதான் முதல் சான்றிதழ். 1860இல் வேல்ஸ் இளவரசர் நயாகராவுக்கு வந்தபோது லோரா தன் சேவையைத் தெரிவித்தார். அடுத்த ஆண்டு இளவரசர் 100 பவுண் அனுப்பினார். அப்போது அவருக்கு 85 வயது. 1868இல் இறந்தார். அதற்குப் பிறகுதான் நாடகம், நினைவுத்தூண், பாடப்புத்தகம் எல்லாம் வந்தன. கனடா தனக்கென்று வீரர்களைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. பெண்கள் தங்கள் பெயரும் வரலாற்றில் வேண்டும் என்று கேட்கத் தொடங்கிய காலமும் அதுதான். கானவாகே வீரர்களுக்காக அப்படிக் கேட்க அதிகார வட்டத்தில் ஆளில்லை. பிரித்தானிய அரசு 1840களின் இறுதியில் பழைய வீரர்களுக்குப் பதக்கம் கொடுத்தபோது கனடாச் சண்டைகளில் டெட்ரொயிட், சாட்டகே, கிறைஸ்லர் பண்ணை ஆகிய மூன்றுக்குத்தான் பதக்கத்தோடு சேரும், சண்டையின் பெயர் பொறித்த பட்டை இருந்தது. பீவர் டாம்ஸுக்கு இல்லை.

சண்டையின் அளவு சிறியதென்றாலும் விளைவு அவ்வளவு சிறியதல்ல. அதற்குப் பிறகு அமெரிக்கர்கள் ஜோர்ஜ் கோட்டையை விட்டுத் தூரம் போகத் துணியவில்லை. தளபதி டியர்போர்ன் ஜூலையில் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். டிசம்பரில் கோட்டையைக் கைவிட்டுப் போகும்போது பக்கத்திலிருந்த நியூவார்க் ஊரைக் கொளுத்திவிட்டுப் போனார்கள், இன்று நயாகரா-ஒன்-த-லேக் என்று நாம் சுற்றுலா போகும் ஊர் அது. ஆனால் அதையெல்லாம் இந்த ஒரு சண்டையின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். ஏரியில் கடற்படைப் போட்டியும் வேறு முனைகளுக்குப் படை நகர்ந்ததும் அதில் பங்குடையவை.

கட்டுரைக்கு என் யோசனை: பிட்ஸ்கிப்பன் எழுதிய மூன்று தாள்களை மட்டும் மகள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கட்டும். 1813 ஜூன் 24 அறிக்கை, 1818 கடிதம், 1827 சான்றிதழ். எழுதியவர் ஒரே ஆள், சம்பவமும் ஒன்றுதான். ஒன்றில் லோரா இல்லை, ஒன்றில் அவர் தன் பங்கையே சுருக்கிக்கொள்கிறார், ஒன்றில் லோரா இருக்கிறார். யாருக்கு, எதற்காக எழுதினார் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டாலே கட்டுரை பாதி முடிந்துவிடும். வார இறுதியில் நேரம் இருந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். குயின்ஸ்டனில் சீக்கோர்ட் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. டிகியூ வீட்டின் அடிச்சுவர்கள் இன்னும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் காரில் போகும்போது தூரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டுரையில் ‘50 சிப்பாய்கள் 500 பேரைப் பிடித்தார்கள்’ என்ற வரிக்குப் பதிலாக, சுமார் 400 பூர்வகுடி வீரர்கள் மூன்று மணி நேரம் போராடி அடக்கிய படையிடம் பிட்ஸ்கிப்பன் சரணடைவைப் பேசி வாங்கினார் என்று எழுதட்டும்.